19 ‘ங்க’வைக் காணோம்

சிறுகதைப் போட்டி நடுவர் குழுவுக்கும் பரிசுக்கதைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். இந்த ஆண்டுப் போட்டி அறிவிப்பிலும் 7ஆம் விதி இருக்கிறது. உரையாடல் பொதுத்தமிழில் அமைய வேண்டும், வட்டார வழக்கு கூடாது, மீறினால் குழுவே திருத்திக்கொள்ளும். சென்ற ஆண்டுத் தொகுப்பு வந்த கையோடு பலர் இதைப் பற்றி உங்களுக்கு எழுதினார்கள். பரிசீலிப்பதாக நீங்களும் பதில் போட்டீர்கள். பரிசீலனை முடிந்து விதி தடித்த எழுத்துக்கு மாறியிருக்கிறது.

அந்த விதியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தொகுப்பு முழுவதையும் பேச வேண்டியதில்லை. இரண்டாம் பரிசு பெற்ற தறிக்குடோன் கதை ஒன்று போதும். குமாரபாளையத்து விசைத்தறித் தொழிலாளி. முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர். அது தீராமல் வேறு குடோனுக்குப் போக முடியாது. எழுதியவரின் கைப்படியில் அவர் முதலாளியிடம் வாய் திறக்கும்போதெல்லாம் பேச்சு ‘ங்க’வில் போய் முடிகிறது. “பாவு அந்து போச்சுங்க.” “செரிங்க.” “நைட் ஷிப்டும் நானே பாத்துக்கறனுங்க.” எண்ணினால் 19 இடம். கடைசிப் பக்கத்தில் முதலாளி, “நாளைக்கு வந்துருவீல்ல?” என்கிறார். பதில் ஒரே சொல்: “வரமாட்டேன்.”

அதில் ‘ங்க’ இல்லை. கதை அதுதான். அவர் நியாயம் பேசவில்லை, கை ஓங்கவில்லை, கண் சிவக்கவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தை ஒரு சொல்லின் வாலோடு சேர்த்துக் கத்தரித்துவிட்டுப் போகிறார். கொங்குப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட எவருக்கும் அந்த இடத்தில் நெஞ்சு திக்கென்றிருக்கும்.

உங்கள் அச்சுப்படியில் அவர் பேசுவது: “நூல் அறுந்துவிட்டது.” “சரி.” “இரவுப் பணியையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.” அப்புறம், “வரமாட்டேன்.” முதல் பக்கத்திலேயே முதலாளிக்குச் சமமாக நின்று பேசியவர் கடைசிப் பக்கத்திலும் அப்படியே பேசுகிறார். நடுவில் என்ன நடந்ததென்று வாசகருக்கு எப்படித் தெரியும்? முடிவு சப்பென்று இருக்கிறது என்றுதான் படித்தவர்கள் சொன்னார்கள். திட்டு எழுதியவருக்குப் போயிற்று. திருத்தியவர் பெயர் நூலில் எங்கும் இல்லை.

‘பாவு’ ‘நூல்’ ஆனதையும் சொல்லிவிடுகிறேன். தறியில் நீளவாக்கில் ஓடும் இழை பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. நாடாவிலிருந்து வரும் ஊடை நூல் அறுந்தால், அதற்குள் இருக்கும் தாரை, அதாவது நூல் சுற்றிய குழலை, மாற்றித் தறியை மறுபடி ஓட்டிவிடலாம். பாவு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, ஆயிரக்கணக்கான இழைகளுக்குள் அறுந்ததைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, தறியின் விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் கோத்தெடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் துணியில் கோடு விழும். மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அது காசு. தறிக்காரர் ‘பாவு’ என்று சொன்னதும் முதலாளி ஏன் முகம் சுளித்தார் என்பது அந்த ஒரு சொல்லில் இருந்தது. ‘நூல்’ என்று மாற்றியபின் அவர் காரணமில்லாமல் சிடுசிடுக்கிறார்.

கதாபாத்திரம் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. உரையாடலில் வரும் பெயர்களையும் ‘என்றான்’, ‘என்றாள்’களையும் காகிதத்தால் மறைத்துவிட்டுப் படிக்க வேண்டும். யார் பேசுகிறார் என்பது பேச்சிலேயே தெரிய வேண்டும். உங்கள் தொகுப்பை அப்படிப் படித்தால் பாட்டி, பேரன், வட்டிக்காரர், வக்கீல் நால்வரும் மாலைச் செய்தி வாசிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கதையில் கணவன் மனைவியை ‘நீர்’ என்று கூப்பிடுவதைக்கூட விட்டுவைக்கவில்லை. அங்கே நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உண்டு. உரிமையும் மரியாதையும் ஒன்றாக நிற்கிற நடுப்படி ‘நீர்’. அதை ‘நீ’ ஆக்கினால் அந்த மனிதர் அதிகாரம் செய்கிறவர் ஆகிவிடுகிறார். ஆக்கிவிட்டீர்கள்.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நெல்லைக் கதை என்றால் வரிக்கு வரி ‘ஏலே’ போட்டு ஒப்பேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே சொல்லைப் பக்கத்துக்கு ஒரு விதமாக எழுதி மெய்ப்புப் பார்ப்பவரின் உயிரை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு மருந்து தடை இல்லை, கைப்பக்குவம்தான். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஒலிக்கிற சொல்லை வேண்டுமென்றே கொச்சையாக எழுத வேண்டாம். ஒரு பாத்திரத்துக்கு மூன்று நான்கு அடையாளம் போதும். மற்றவரை எப்படிக் கூப்பிடுகிறார், வினைச்சொல்லை எப்படி முடிக்கிறார், தொழிலிலிருந்து எந்தச் சொல் தானாக வாயில் வருகிறது, எந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவுகிறார். எடுத்துக்கொண்ட எழுத்துமுறையைக் கடைசிவரை மாற்றக் கூடாது. புரியாத சொல்லுக்கு அடிக்குறிப்பு தேடாமல் அடுத்த வரியில் ஒரு செயலைக் காட்டினால் வாசகர் பிடித்துக்கொள்வார்.

அதைவிட முக்கியம், ஒரே ஆள் ஆளுக்கேற்ப மாறிப் பேசுவது. அதே தறிக்காரர் வீட்டில், “சோத்தப் போடு புள்ள” என்கிறார். மகனின் வாத்தியாரிடம், “நல்லாப் படிக்கிறானுங்களா சார்?” என்று கேட்கிறார். மூன்று வாய், ஒரு மனிதர். இந்த வித்தியாசத்தில்தான் ஆள் உருவாகிறார்; மீசையையும் சட்டை நிறத்தையும் வர்ணித்து வருவதில்லை. பொதுத்தமிழும் ஒரு பாத்திரத்தின் பேச்சுதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கடையில் நின்று “அரைக் கிலோ சர்க்கரை தாருங்கள்” என்று கேட்பது அவருக்கு அழகு. எல்லோரும் அப்படிக் கேட்டால் அந்தப் பாவப்பட்ட ஆசிரியரும் காணாமல் போகிறார்.

இத்தோடு இந்த ஆண்டு 40 கேள்வி உள்ள கதாபாத்திரக் குறிப்புப் படிவம் வேறு. கதாநாயகருக்குப் பிடித்த நிறம், ராசி, உயரம், பிடித்த பண்டிகை. யாருக்கு எவ்வளவு கடன் என்று ஒரு கேள்வி இல்லை. வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும், யார் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார் என்றும் இல்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இதைவிட உருப்படியாக விசாரிப்பார்கள். படிவத்துக்குச் சான்றொப்பம் கேட்காதவரை நாங்கள் தப்பித்தோம்.

மன்னிக்கவும், பேச்சு திசைமாறிவிட்டது. வட்டாரச் சொல் தமிழைக் கெடுக்கும் என்று உங்கள் விளக்கக் குறிப்பு சொல்கிறது. தொல்காப்பியர் செய்யுளுக்கு உரிய சொற்களை நான்காகப் பிரித்தபோது அந்தந்த வட்டாரத்தில் வழங்கும் திசைச்சொல்லையும் அதில் ஒன்றாக உட்காரவைத்தார். செய்யுளுக்கே ஆனது சிறுகதைக்கு ஆகாதா? கரிசல் பேச்சில் எழுதிய கி. ராஜநாராயணன் 1982இல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே கொண்டுவந்தார். 1991இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கொடுத்தார்கள். உங்கள் போட்டிக்கு அனுப்பியிருந்தால் 7ஆம் விதியில் அடிபட்டிருப்பார்.

ஆகவே பணிவாகவே கேட்கிறோம். 7ஆம் விதியை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லையென்றால், உரையாடலில் கை வைக்குமுன் எழுதியவரை ஒரு வார்த்தை கேளுங்கள். மாற்றிய பக்கத்தை அச்சுக்குமுன் அவருக்கு அனுப்புங்கள். எழுத்துப்பிழையைத் திருத்த யார் அனுமதியும் வேண்டாம். ‘செரிங்க’ எழுத்துப்பிழை இல்லை.

தொகுப்பு மறு அச்சுக்குப் போகப்போவதாகக் கேள்வி. தறிக்குடோன் கதையின் கைப்படி இன்னும் உங்கள் கோப்பில் இருக்கும். அந்த 19 இடத்திலும் ‘ங்க’வைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். கடைசியில் வரும் ‘வரமாட்டேன்’ என்பதை மட்டும் தொடாதீர்கள். அது முதலிலேயே சரியாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
கதை எழுதவும் மெய்ப்புப் பார்க்கவும் செய்கிற சிலர்