சலிக்காமல் செய்த வேலைகள்

அன்பு மகளுக்கு,

உன் மின்னஞ்சலைப் படித்தேன். வேலையில் குறையொன்றும் இல்லை, சம்பளமும் போதுகிறது, ஆனாலும் எதில் நாட்டம் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஆகவே எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் சேர்ந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். இணையத்தில் எழுதிப் பார்த்த ஆளுமைத் தேர்வின் முடிவையும் இணைத்திருந்தாய். அந்தத் தேர்வு, நீ உன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பதைக் கேட்டு, அதையே கொஞ்சம் அலங்கரித்து உன்னிடம் திருப்பித் தந்திருக்கிறது. இதுவரை நீ என்ன செய்திருக்கிறாய் என்று அது கேட்கவேயில்லை. அதை நான் கேட்கிறேன்.

பழையதை நினைத்துப் பார்க்கச் சொன்னால் எல்லோரும் முதலில் எடுப்பது பரிசுகளைத்தான். நம் வீட்டு அலமாரியிலும் நீ பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் இருக்கின்றன. உரையை ஆசிரியை எழுதித் தந்தார், நீ மனப்பாடம் செய்தாய், பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு மேடைப் பக்கம் நீ போகவே இல்லை. உன் நினைவாற்றலுக்கு அவை சான்று, அவ்வளவே. எந்த வேலையிலும் அலுப்புத் தட்டும் பகுதி ஒன்று உண்டு. யாரும் ஏவாமலும், பாராட்ட ஆளில்லாமலும், அந்தப் பகுதியை எங்கெல்லாம் முணுமுணுக்காமல் செய்திருக்கிறாய் என்று தேடிப் பார்.

எனக்கு உடனே நினைவுக்கு வருவது உன் அத்தை மகள் கல்யாணத்து மொய் நோட்டு. எழுத ஆளில்லை என்று உன்னை உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் தொகையைக் கூட்டிச் சரிபார்த்ததோடு எழுந்துவிட்டார்கள். நீயோ ஆச்சியின் பெட்டியிலிருந்த பழைய நோட்டுகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே குடும்பம் ஒன்றில் ஊர்ப் பெயரோடும், இன்னொன்றில் பட்டப்பெயரோடும், வேறொன்றில் மருமகன் பெயரிலும் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்து, யார் எவர் என்று ஆச்சியையும் பெரியப்பாவையும் துளைத்தெடுத்து, அந்தக் கோடை விடுமுறை முழுவதும் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாய். இன்றும் ஒரு விசேஷ வீட்டுக்குப் புறப்படும் முன் உன் அப்பா அந்த அட்டவணையைத்தான் புரட்டுகிறார்.

கல்லூரி நாட்களில் தோழிகளோடு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் போனாய். 2015இல் தொடங்கி ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நடக்கும் அந்தக் கணக்கெடுப்பில், கண்ட பறவைகளை எண்ணி ஈ-பேர்ட் தளத்தில் பட்டியலாக ஏற்றுகிறார்கள். உனக்குப் பறவைப் பித்துப் பிடித்துவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டி, பைனாகுலர் வாங்கித் தந்தோம். அது உறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஒரே குளம் மூன்று விதமான எழுத்தில் பதிவாகிவிடக் கூடாதே என்று, கரையில் ஆடு மேய்ப்பவரிடம் குளத்தின் பெயரையும் மடைகளின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தாய். உன்னைப் பிடித்துக்கொண்டது பட்டியல்தான், பறவை அல்ல. எதைப் பற்றிய வேலை என்பதை மட்டும் பார்த்தால் இப்படி ஏமாந்துபோவோம்; அந்த வேலையில் உன் கை எதைச் செய்தது என்று பார்க்க வேண்டும்.

உ.வே. சாமிநாதையரின் கதை உனக்குத் தெரியும். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவரிடம், அங்கே முன்சீபாக, அதாவது சிவில் நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்து, அவர் அடுக்கிய அந்தாதிகளிலும் பிள்ளைத்தமிழ்களிலும் மனம் நிறையாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். சாமிநாதையருக்கு அப்போது 25 வயது. அந்த ஒரு கேள்வியில் வழி பிறந்துவிட்டது என்று மேடைகளில் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். 1871 முதல் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட காலத்திலேயே, ஆசிரியர் வாயால் சொல்லிக்கொண்டு போகும் செய்யுள்களை ஏட்டில் எழுதி எழுதிப் பழகிய கை அவருடையது. பிறகு சிந்தாமணிக்காக ஏட்டுக்கு ஏடு சொற்கள் மாறும் பாடபேதங்களைப் பார்த்ததும், நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்தெந்த நூல்களைச் சேர்ந்தவை என்று தேடியதும், கும்பகோணத்துச் சைனர்களிடம் போய்ச் சந்தேகம் தெளிந்ததும் சலிப்பூட்டக்கூடிய வேலைகள்தாம். 1887இல் அந்த நூல் அச்சாகி வரும்வரை அவரால் அதில் நிற்க முடிந்தது என்றால், அதற்கான பொறுமை முதலியார் வரும் முன்பே அவரிடம் இருந்திருக்கிறது.

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களையும் வில்லங்கங்களையும் பார்த்தே காலம் கழித்தவள் என்பதால், பதிவேடு என்றாலே எனக்கு ஒரு பிரியம் உண்டு. நான் சொல்வதில் அதைக் கழித்துவிட்டு எடுத்துக்கொள். இதற்கு எதிரான சான்றும் இருக்கிறது: கல்லூரி நூலகத்தில் பழைய இதழ்களுக்கு எண் போடும் வேலையை விரும்பி ஏற்று, பாதியில் விட்டுவிட்டாய். அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை என்பதே காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் மொய் நோட்டிலும் குளத்தங்கரையிலும் பாதி வேலை மனிதர்களிடம் கேட்பதாகவே இருந்தது. சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். உன்னோடு வந்த தோழிகளிடமும் கேள். நமக்குச் சாதகமானதை மட்டும் வைத்துக்கொள்ளும் நம் நினைவைவிட, அவர்கள் நினைவு நேர்மையாக இருக்கும்.

வேலையை விடச் சொல்லவில்லை. பட்டியல் போட்டு ஆவணங்களைக் காக்கும் வேலைதான் உனக்கு ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றினாலும், அதற்குச் சம்பளம் குறைவு என்பதை மறைத்து உனக்கு ஆசை காட்டவும் மாட்டேன். கோட்டையூரில் விளம்பரப் பலகைகள் எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, தம் தொழிலுக்கு வெளியே சேர்த்த நூல்களும் இதழ்களும்தாம் இன்று சென்னைத் தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. சோறு போடும் தொழிலும் நாட்டமும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆவணங்களைக் காக்கும் வேலையை முறையாகப் படிக்க வேண்டுமென்றால் டில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அதற்கெல்லாம் முன்பாக, சேர்ந்துகிடக்கும் விடுப்பில் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்து, தரமணியிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் வேலை செய்பவர்களோடு பேசு. அவர்களுடைய நாளில் எந்தப் பகுதி அலுப்பானது என்று குறிப்பாகக் கேள். பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதை அதுவரை நிறுத்தி வை. திரும்பப் பெற முடியாத கட்டணம் என்று அவர்கள் விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
அம்மா