உன் வில்லனுக்கு இன்னும் பயம் வரவில்லை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்பின் தம்பி,

உன் கேமின் வில்லனுக்கு நீ போட்ட மெட்டைக் கேட்டேன். சட்ஜத்திலிருந்து (ஸ) பிரதி மத்யமத்துக்குத் (உயர்ந்த ம) தாவி, சுத்த ரிஷபத்தில் (தாழ்ந்த ரி) வந்து இறங்குகிற அந்த வரி அருமை. அதில் கை வைக்காதே. ஆனால் பயம் வரவில்லை. குறை மெட்டில் இல்லை, அதை எந்த வாத்தியத்திடம் கொடுத்தாய் என்பதில்தான். கொழும்பில் கேம் செய்கிற வேறு பிள்ளைகளும் என்னிடம் இதையே கேட்பதால், எல்லோரும் வாசிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

பிரதி மத்யமத்தைத் தொட்டாலே திகில் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கல்யாணி ராகத்தில் இருப்பதும் அதே மத்யமம்தானே? கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் கல்யாணி வாசிக்கும்போது யாரும் நடுங்குவதில்லை. அதே சுரத்தை இரண்டு ஸ்தாயி இறக்கி, டிரோம்போன் என்கிற பித்தளைக் குழலுக்கு மியூட் (வாயை அடைக்கும் மூடி) போட்டு, மெதுவாக ஊதச் சொல்லிப் பார். ஆள் மாறிவிடும்.

முதலில் உன் அடி ஸ்தாயியைப் பார்ப்போம். வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செலோவின் மிகத் தடித்த தந்தி சுமார் 65 ஹேர்ட்ஸில், அதாவது நொடிக்கு 65 தடவை, அதிரும். அதைச் சட்ஜமாக வைத்து, பக்கத்துச் செலோ அந்தர காந்தாரத்தை (உயர்ந்த க), அதாவது 82 ஹேர்ட்ஸை, வாசித்தால் இரண்டு அதிர்வும் ஒன்றோடொன்று உரசி ஓர் உறுமல் வரும். இதே ஜோடியை நடு ஸ்தாயிக்கு ஏற்றினால் இனிமையாக இருக்கும். அதனால்தான் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறவர்கள் கீழே சுரங்களை அகலமாகத் தள்ளி வைக்கிறார்கள், உறுமல் வேண்டிய இடத்தில் மட்டும் நெருக்குகிறார்கள். நீ செலோ, டபுள் பேஸ், டிரோம்போன், ட்யூபா எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நெருக்கியே வைத்திருக்கிறாய். எல்லாமே உறுமினால் எது உறுமல்? வில்லன் திரும்பிப் பார்க்கிற அந்த இரண்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) மட்டும் நெருக்கு. மற்ற இடமெல்லாம் வெறும் ஸ்தாயி இடைவெளி போதும்.

இன்னொன்று. உன் கேமைப் பெரும்பாலானோர் போனில்தான் விளையாடப் போகிறார்கள். போன் ஸ்பீக்கரில் 65 ஹேர்ட்ஸ் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. அதே வரியை ஒரு ஸ்தாயி மேலே பேஸ் கிளாரினெட் என்கிற தாழ்ந்த குரல் குழலுக்கும் கொடுத்துவிடு.

சரி, இப்போது எனக்கு மிகப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 கேமில் வில்லன் செபிரோத்தின் கடைசிச் சண்டைக்கு இசையமைப்பாளர் நொபுவோ உவெமட்சு போட்ட இசை உனக்கு மனப்பாடம். அதில் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் தி ரைட் ஒஃப் ஸ்பிரிங் தந்த தாக்கத்தை அவரே சொல்லியிருக்கிறார். 1913இல் பாரிஸில் அரங்கேறிய அந்த பலே நடன இசையில், தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒரே கோர்டைத் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டத்தைத்) திரும்பத் திரும்ப அடிக்கிற ஓர் இடம் உண்டு. ஒவ்வோர் அடிக்கும் வில்லைக் கீழ்நோக்கியே இழுக்க வேண்டும் என்று ஸ்ட்ராவின்ஸ்கி குறித்திருக்கிறார். சாதாரணமாக செலோ வாசிக்கிற நாங்கள் ஒன்று கீழே, ஒன்று மேலே என்று மாற்றி மாற்றித்தான் இழுப்போம், கைக்கு அதுதான் சுகம். எல்லாமே கீழ்நோக்கி என்றால், ஒவ்வோர் அடிக்குப் பிறகும் வில்லைத் தூக்கி மறுபடி அதன் பிடிப்பக்கத்தில் ஊன்ற வேண்டும். கையின் முழுப் பாரமும் ஒவ்வொரு தடவையும் தந்தியில் விழும். மண்டபத்தில் இருப்பவருக்கு அது மிதித்து நடக்கிற சத்தமாகத்தான் கேட்கும். அதற்கு மேல் எட்டு ஹார்ன்கள் சில அடிகளில் மட்டும் சேர்ந்து வெட்டும், அடுத்த வெட்டு எங்கே விழும் என்று ஊகிக்கவே முடியாது. நீ மிருதங்கம் படித்தவன், தாளம் நேராக ஓட அழுத்தம் மட்டும் இடம் மாறுவது உனக்குப் புதிதில்லை. உன் வில்லனோ ஒவ்வொரு நாலாவது எண்ணிக்கைக்கும் தவறாமல் டிரம்மோடு வருகிறான். அவன் வருவது முன்கூட்டியே தெரிந்தால் பயம் எங்கிருந்து வரும்?

உவெமட்சுவின் அந்தச் சண்டை இசையில் கோரஸ் (பாடகர் கூட்டம்) செபிரோத்தின் பெயரையே கூவும். அவன் ஒற்றை ஆள், ஆனால் அவன் பக்கம் ஒரு கூட்டமே நிற்பதாக நமக்குத் தோன்றும். கோரஸை வெறும் 'ஆ... ஆ...' அலங்காரமாகப் போட்டால் இந்த வேலை நடக்காது.

வாத்தியம் நிறைய வேண்டும் என்றும் நினைக்காதே. 1994இல் ஃபைனல் ஃபேன்டசி 6 ஓடிய கேம் இயந்திரத்தில் ஒரே நேரத்தில் எட்டு ஒலிகள்தான் கேட்க முடியும். அதை வைத்தே அதன் வில்லன் கெஃப்காவுக்காக பைப் ஓர்கன் முழங்கும் பல பாக இசையை உவெமட்சு கட்டினார். 1998இல் வந்த செல்டா: ஒகரினா ஒஃப் டைம் கேமில் இசையமைப்பாளர் கொஜி கொண்டோ இன்னும் சிக்கனமாகச் செய்தார். கோபுரப் படிகளில் ஏற ஏற ஓர்கன் சத்தம் கூடிக்கொண்டே போகும். உச்சியில் போய்ப் பார்த்தால் அதை வாசித்துக்கொண்டிருப்பவனே வில்லன் கனொண்டோர்ஃப். இவ்வளவு நேரமும் அவன் நமக்காகக் காத்திருந்திருக்கிறான். இதைவிட நல்ல வில்லன் வருகை கேம்களில் நான் கண்டதில்லை.

ஆகவே முதல் எட்டு பாருக்கு பேஸ் கிளாரினெட் மட்டும் போதும். அப்புறம் செலோ. பித்தளை வாத்தியங்கள் எதுவும் வில்லன் வாய் திறக்கும் வரை வேண்டாம். மாற்றி அனுப்பு. கீழ்நோக்கிய வில் அடிகளை லப்டொப் சாம்பிளில் (முன்பே பதிந்த ஒலியில்) விடாதே, என் செலோவில் பதிந்து தருகிறேன். வெள்ளவத்தையில் ரயில் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து மைக்கைக் கொண்டு வா.

அன்புடன்,
அக்கா