பதவிப் பெயர்க் குறிப்புகள்

ஆசிரியருக்கு,

குறுக்கெழுத்தில் பதவிப் பெயர்களைக் கேட்பது நல்லதுதான். ஆனால் ‘வருவாய்த் துறை அதிகாரி (5)’ என்று மட்டும் கொடுத்தால் தாசில்தார், சிரஸ்தார், அமல்தார் மூவரும் உள்ளே உட்கார்ந்துவிடுவார்கள். மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதால் கில்லேதார் (கோட்டைத் தலைவர்), ஜமீன்தார், ஜாகிர்தார்கூட ஐந்தெழுத்தே. அத்தனைக்கும் நான்காவது கட்டம் ‘தா’, ஐந்தாவது ‘ர்’. மேலிருந்து கீழ் வரும் சொல் அங்கே வெட்டினால் ஒரு பயனும் இல்லை. மூன்றாவது கட்டத்தையும் நம்ப முடியாது. தாசில்தாருக்கும் அமல்தாருக்கும் அதில் ‘ல்’. முதல் இரண்டில் ஒன்றை வெட்டினால்தான் விடை நிலைக்கும்.

ஆற்காட்டு வரலாற்றுக்குள் போனால் இன்னும் வேடிக்கை. ‘சந்தா சாகிப் வகித்த பதவி (3)’ என்றால் என்ன எழுதுவது? ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியிடம் அவர் திவான், 1749-இல் நவாப். இரண்டும் மூன்றெழுத்து, இரண்டுக்கும் நடுவில் ‘வா’. குறிப்பில் ‘தோஸ்த் அலியிடம்’ என்று ஒரு சொல் சேர்த்தால் குழப்பமே இல்லை. வேலூர்க் கோட்டை மூர்த்தஜா அலியும் 1742-இல் தன்னை நவாப் என்று அறிவித்துக்கொண்டவர்தான். அவர் விஷயத்தில் எழுத்தெண்ணிக்கை கைகொடுத்து, கில்லேதாரைக் காட்டிவிடும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். நவாப் பட்டம் 1855-இல் குலாம் கவுஸ் கானோடு முடிந்தது. இன்று சென்னை அமீர் மகாலில் இருப்பவர் ஆற்காடு இளவரசர். கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தது. ஆகவே ‘கிராமக் கணக்கு எழுதுபவர் (4)’ தவறு, ‘எழுதியவர்’ என்றிருக்க வேண்டும். அதே ஆண்டில் மணியக்காரர் பதவியும் போயிற்று. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வி.ஏ.ஓ.வை இன்னும் மணியக்காரர் என்று கூப்பிடுவது வேறு விஷயம்.

நீதிமன்றப் பெயர்களில் தொல்லை குறைவு. முன்சீப், நீதிபதி இரண்டும் நான்கெழுத்து என்றாலும் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகாது. எங்கே வெட்டினாலும் சரி. ஜப்திக்கு வருபவர் மட்டும் சிக்கல்: ஏட்டில் அமீன், வாய்ச்சொல்லில் அமீனா, இரண்டும் மூன்று கட்டம். அங்கே கடைசிக் கட்டத்தையே வெட்டுங்கள். கலெக்டர், ஆட்சியர் இரண்டும் ஐந்து. பொதுவானது கடைசி ‘ர்’ ஒன்றே.

ஆளுநரைப் பலர் ‘ஆளுனர்’ என்று எழுதிவிடுகிறார்கள். மூன்றாவது கட்டத்திலிருந்து கீழ்நோக்கி நவாப் போன்ற சொல்லைத் தொங்கவிட்டால் போதும். ‘ன’வில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் நிரப்புபவரே திருத்திக்கொள்வார்.

குறுக்கெழுத்து வாசகர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்.