குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 9 செயற்குழுக் கூட்டங்கள் கூட்டினோம். 4 கூட்டங்களில் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள்) சேரவில்லை. பொங்கல் விழா, கொடியேற்றம், கொசு மருந்து, வடிகால் தூர்வாரல் எல்லாம் வழக்கம்போல நடந்தன.

பழைய கம்ப்யூட்டர், போன், சார்ஜர் போன்ற மின்னணுக் கழிவைப் போட நாம் வைத்திருக்கும் இ-வேஸ்ட் பெட்டி பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போன பொதுக்குழுவில், "இதெல்லாம் சங்கத்தின் வேலையா?" என்று ஒருவர் கேட்டார். அன்று நேரமாகிவிட்டது, பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டு வருடம் முன்பு என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் 350 ரூபாய்க்குப் போட்டேன். மறுவாரம் அந்தக் கடையின் பின்பக்கமாக நடந்துபோனபோது, பதினான்கு வயது இருக்கும், ஒரு பையன் வயர்க் கட்டைக் கொளுத்திக்கொண்டிருந்தான். மேலுறை எரிந்துபோனால் செம்பு மட்டும் மிஞ்சும், அதற்காக. மூக்கில் கர்ச்சீப் கட்டியிருந்தான். புகை அடங்கியதும் குச்சியால் சாம்பலைக் கிளறிச் செம்பைப் பொறுக்கினான். வயரின் மேலுறையான பிவிசி பிளாஸ்டிக் எரியும் புகையில் டையாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எரிந்ததில் என் வீட்டு வயரும் இருந்திருக்கலாம்.

டெல்லி சீலம்பூரிலும் இதே கதைதான். கானா நாட்டின் அக்ராவில் அக்போக்புளோஷி என்ற இடத்தில் பல வருடம் இப்படி எரித்தார்கள். ஐரோப்பாவிலிருந்து 'பழைய சாமான்' என்ற பெயரில் கப்பலேறி வந்தவையும் அதில் உண்டு. 2021-இல் அந்த இடத்தை இடித்துத் தள்ளினார்கள். எரிப்பவர்கள் பக்கத்துப் பகுதிகளுக்கு நகர்ந்தார்கள், அவ்வளவுதான். 2022-இல் உலகம் முழுக்கச் சேர்ந்த இ-வேஸ்ட் சுமார் 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். அந்த ஆண்டு சேர்ந்த இ-வேஸ்ட் ஐரோப்பாவில் தலைக்கு 17.6 கிலோ, ஆப்பிரிக்காவில் 2.5 கிலோ. ஆண்டுக்கொரு போன் மாற்றுவது ஒருவர், புகையைச் சுவாசிப்பது வேறொருவர். நம் தெருவுக்கும் அந்தக் காயலான் கடைக்கும் நடுவில் இருப்பதும் இதே தூரம்தான்.

பெட்டியில் இந்த ஆண்டு 212 கிலோ சேர்ந்தது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் எடை போட்டுக் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். பார்க்க விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கலாம். 7 லேப்டாப்புகளைப் பழுது பார்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஒரு போனால் வரும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. அதனால் இன்னும் இரண்டு வருடம் ஓட வைப்பதே பெரிய உதவி.

இதைச் செய்தது நான்கு பேர். 96 வீடுகளில் 31 வீடுகள்தான் பெட்டியை எட்டிப் பார்த்தன. பிக்சர் டியூப் டிவியை, உள்ளே இருக்கும் கண்ணாடியில் ஈயம் உண்டு என்று சொல்லியும், இருட்டிய பிறகு முனைக் குப்பைத்தொட்டி ஓரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். காலையில் அதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, கையிருப்பு குறைவு. இ-வேஸ்ட்டை எடுத்துப் போன வேனின் வாடகை 3,400 ரூபாயில் பாதியை நானே கொடுத்தேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் 38 வீடுகளின் சந்தா பாக்கி இருக்கிறது, சிலருக்கு மூன்று வருடமாக. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், துப்புரவுப் பணியாளர்கள், கூட்டத்துக்கு இடம் கொடுத்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் செயலாளராக இருக்கச் சொன்னால் இருக்கிறேன். ஆனால் வேனோடு போக இன்னும் இரண்டு பேர் வேண்டும், முடிந்தால் இளைஞர்கள். வேன் வருவது ஜூன் முதல் ஞாயிறு, காலை 8 மணி. அன்று நான் ரசீதுப் புத்தகத்தோடு கேட் பக்கத்திலேயே இருப்பேன். பழைய சார்ஜரைக் கொண்டுவரும்போது சந்தாவையும் கொண்டுவந்தால் அப்போதே ரசீது போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்