பாலே பார்க்க எந்த இருக்கை?

ஆசிரியருக்கு,

லண்டனில் படிப்பு, வேலை என்று வந்திருக்கும் நம்மவர்கள் பலர், டிக்கெட் விலைக்குப் பயந்தே, பாலே நடனங்கள் அரங்கேறும் ராயல் ஓப்பரா ஹவுஸ் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பகல் 1 மணிக்கு, அடுத்த வாரக் காட்சிகளுக்கென ஒதுக்கிய டிக்கெட்டுகள் அதன் இணையதளத்தில் விற்பனைக்கு வருகின்றன. கணக்கை முன்பே தொடங்கி வைத்திருப்பது நல்லது. நின்றபடி பார்க்கும் இடங்கள் இன்னும் மலிவு, கால்தான் கடுக்கும்.

நவீன பாலேவுக்கு முன்வரிசை மோகம் வேண்டாம். அங்கிருந்து மேடை விளிம்பு பாதங்களை மறைக்கும். பாதம் தெரியாத பாலேவுக்கு எதற்குப் பணம்? மேல்தளமான ஆம்பிதியேட்டரின் நடுப்பகுதியே என் தேர்வு. வெய்ன் மெக்ரெகர் போன்ற நடன அமைப்பாளர்கள் ஒரே நேரத்தில் பல ஜோடிகளை மேடையின் வெவ்வேறு மூலைகளில் ஆடவிடுவார்கள். அந்தக் கோலம் மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். முகபாவத்துக்குச் சிறு பைனாகுலர் போதும். பக்கவாட்டில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இடப்புறம் உட்கார்ந்தால் மேடையின் இடப்புறம் மறைந்துபோகும்.

பலரும் கோட்டை விடுவது நேரத்தில்தான். மூன்று குறும்படைப்புகள் கொண்ட மாலையில் ஒவ்வொன்றும் அரைமணி நேரம் போலத்தான் ஓடும். தாமதித்தால் முதல் படைப்பு முழுவதும் கதவுக்கு வெளியே நிற்க நேரிடலாம். அரங்குக்கு அருகிலுள்ள கோவென்ட் கார்டன் ரயில் நிலையத்தில் மாலை வேளைகளில் லிஃப்ட்டுக்கு நெரிசல். படியேறினால் 193 படிகள். லெஸ்டர் ஸ்கொயரிலேயே இறங்கி நடந்துவிடுங்கள்.

இசை நின்றதும் கைதட்ட வேண்டாம், ஆட்டம் மௌனத்திலும் தொடரலாம். விளக்கு அணையட்டும்.

— வாசகர், லண்டன்