கொற்கையைக் கடல் கொள்ளவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில் பழங்கால இயற்கைச் சீற்றங்களைப் பற்றி வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் வாசித்தோம். நல்ல கட்டுரைதான். ஆனால் நடுவில் ‘கடல் கொண்ட கொற்கை’ என்று ஓர் இடத்தில் வந்தது. நான் ஏரல் பக்கத்தில் வாழை போட்டுப் பிழைக்கிறவன். என் வயலிலிருந்து கொற்கைக் குளக்கரை சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். அந்த இரண்டு மூன்று சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

கொற்கையைக் கடல் கொள்ளவில்லை. கடல்தான் கொற்கையை விட்டு விலகிப் போயிற்று. முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் இன்றைக்குக் கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கு நடுவே கிடக்கிறது. எங்கள் அப்பா கிணற்றை ஆழப்படுத்தியபோது, இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே கூடை கூடையாகச் சிப்பியும் உடைந்த சங்கும் ஏறி வந்தன. எனக்கு அப்போது பத்து வயது. அதில் ஒரு சங்கு இன்னும் எங்கள் வீட்டு மாடக்குழியில் இருக்கிறது.

தாமிரபரணி ஒவ்வொரு வெள்ளத்திலும் கொண்டுவந்து தள்ளிய வண்டல்தான் அந்தத் துறைமுகத்தைத் தூர்த்தது. கால்டுவெல் தமது திருநெல்வேலி வரலாற்று நூலில் 1881-லேயே இதை எழுதிவிட்டார். கொற்கை தூர்ந்ததும் வியாபாரம் காயல் என்ற ஊருக்கு நகர்ந்தது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்தது அந்தக் காயலைத்தான். அப்புறம் அதுவும் தூர்ந்து பழையகாயல் ஆயிற்று. பிறகு புன்னைக்காயல், அதன் பிறகு தூத்துக்குடி. கடல் விலக விலக எங்கள் முன்னோர்கள் பின்னாலேயே போயிருக்கிறார்கள்.

வண்டல் எப்படி ஏறும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டு ஜன்னல் திண்டுக்கு மேலே தண்ணீர் நின்றது. குலை தள்ளிய வாழை அத்தனையும் சாய்ந்துவிட்டது. பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர் வடிந்து பத்து நாள் கழித்து மம்பட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். ஆற்றை ஒட்டி, உழவே படாத ஓரம் ஒன்று உண்டு. அங்கே இடுப்பளவுக்குச் செங்குத்தாக வெட்டிப் பார்த்தேன். மேலே நாலு விரல் கனத்துக்குப் புது வண்டல், வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக. அதற்குக் கீழே வேரோடிய கறுப்பு மண். அதற்கும் கீழே இன்னொரு வண்டல் பட்டை, நடுவில் ஒரு நூல் கனத்துக்கு மணல். அதில் மக்கிப்போன ஒரு சவ்வுத்தாள் சிக்கியிருந்தது. 1992 நவம்பர் வெள்ளம் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குக் கீழேயும் பட்டைகள் இருந்தன. அவற்றுக்குத் தேதி சொல்ல என்னால் ஆகாது. படித்தவர்கள் சொல்லலாம்.

சொல்லியும் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தின் ஃப்ரா தாங் தீவில் குழி வெட்டிய ஆய்வாளர்கள், அந்தச் சுனாமி விட்டுப்போன மணலுக்கு அடியில் சுமார் 600 ஆண்டுக்கு முந்திய இன்னொரு பேரலையின் மணலைக் கண்டார்கள். மேகாலயாவில் மாம்லு என்ற குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புக்கல் ஒன்று, 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்ததைக் காட்டிக்கொடுத்தது. பூமியின் வரலாற்றில் அன்று முதல் இன்று வரையுள்ள காலத்துக்கு 2018-ல் மேகாலயன் காலம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சிந்துவெளிப் பெருநகரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானதற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரே ராத்திரியில் யாரும் அழியவில்லை. மழை பொய்க்கப் பொய்க்க, கிழக்கே சின்னச் சின்ன ஊர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

பஃறுளி என்ற ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்வதை மறுக்க நான் வரவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கைக்கு நடந்தே போய்விடலாம். அந்த நிலமெல்லாம் மெல்ல மெல்ல மூழ்கியது உண்மை. ஆனால் அது கொற்கைக்குப் பல ஆயிரம் ஆண்டு முந்திய சங்கதி. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதினால், ஆறு செய்த வேலை யார் கண்ணிலும் படாமலே போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அதையே மனப்பாடம் செய்யும்.

எனவே உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை. நெல்லை ரெட்டியார்பட்டியில் உள்ள பொருநை அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கைப் பொருள்களோடு கொற்கை மண்ணின் வெட்டுமுகம் ஒன்றையும் வைக்க வேண்டும். சிப்பி மண்ணில் தொடங்கி 2023 வண்டல் வரை, உள்ளது உள்ளபடி, கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வேண்டும். எந்தப் பட்டை எந்தக் காலம் என்று பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். தொல்லியல் துறையினரோ பல்கலைக்கழகத்தாரோ வெட்ட வருவதானால் என் வயலோரத்தையே தருகிறேன். அந்தப் பட்டைகள் கலைந்துவிடக் கூடாது என்று அந்த ஓரத்தை மட்டும் இன்னும் உழாமல் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாழை விவசாயி,
ஏரல் வட்டம்.