லீவில் வேலை கேட்டு வரும் பிள்ளைகள்: குமுளி, வண்டன்மேடு வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நம் இடுக்கி மலையின் கடைக்காரர்கள், ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கிற ஸ்டோர்களின் முதலாளிகள், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஓணம் லீவு நெருங்குகிறது. பத்தாவதும் பிளஸ் ஒன்னும் படிக்கிற பிள்ளைகள் வழக்கம்போல உங்கள் கடை வாசலில் வந்து நிற்பார்கள். "லீவுக்கு ஏதாவது வேலை இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். உங்களில் சிலர், 'இங்கு குழந்தைத் தொழிலாளர் இல்லை' என்று கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தைக் காட்டி அனுப்பிவிடுவீர்கள். வேறு சிலர் பின்வாசல் வழியாக உள்ளே விடுவீர்கள். பெயர் எந்த நோட்டிலும் ஏறாது. அரைக்கூலி, அதுவும் கடைசி நாளில். இந்த இரண்டுமே வேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். முன்வாசல் வழியாகவே எடுங்கள். பெயரை எழுதுங்கள், நேரத்தைக் குறியுங்கள், கூலியை அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

"சட்டம் விடாதே அக்கா" என்று என்னிடம் பல பேர் சொல்லியிருக்கிறீர்கள். சட்டம் விடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது, 2016-இல் திருத்தினார்கள். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கவே கூடாது. வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து. சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில் கூடமாட உதவுவதற்கு விலக்கு உண்டு. அந்தக் குடும்பத்தில் சித்தப்பா, அத்தை, தாய்மாமன் எல்லோரும் அடக்கம். அதற்காக நம் ஊரில் எல்லோரையும் மாமா என்று கூப்பிடுவதால் எல்லாத் தோட்டமும் குடும்பத் தோட்டம் ஆகிவிடாது.

14 முடிந்து 18 முடியாதவர்கள் கதை வேறு. சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்று ஆபத்தான தொழில்களுக்குத்தான் அவர்களுக்குத் தடை. மற்ற இடங்களில் வைக்கலாம், ஆனால் கணக்கு உண்டு. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அப்புறம் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். அந்த ஓய்வையும், வேலைக்காகக் காத்து நிற்கிற நேரத்தையும் சேர்த்தே ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை கிடையாது. ஓவர்டைம் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. ஒரே நாளில் இரண்டு இடத்தில் வேலை செய்ய விடக் கூடாது. பெயர், பிறந்த தேதி, வேலை நேரம் எல்லாம் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். வேலையில் சேர்த்த 30 நாளுக்குள் தொழிலாளர் ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இவ்வளவுதான். ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிற உங்களுக்கு இது ஒரு சுமையா?

நான் குமுளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பயோடேட்டா அடிக்க என்னிடம்தான் வருவார்கள். பெயர், அப்பா பெயர், எஸ்.எஸ்.எல்.சி. மார்க், தெரிந்த மொழிகள் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். "அனுபவம்" என்ற இடம் வந்ததும் நின்றுவிடுவார்கள். "அதுல என்னக்கா எழுதுறது?" என்பார்கள். ஒரு பையனிடம், லீவில் என்னப்பா செய்தாய் என்று கேட்டேன். மூன்று வருஷமாக டிசம்பர் லீவில் ஒரு ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரித்திருக்கிறான். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய் எது, கீழே விழுகிற காய் எது என்று கண்ணாலேயே சொல்கிறான். வெடித்த காய், நிறம் மங்கின காய், பூச்சி அரித்த காய் எல்லாம் அவன் விரல் தானாகத் தள்ளிவிடும். "அதை எழுதலாமே" என்றேன். "யாரு நம்புவாக்கா? நான் அங்க இருந்ததுக்கு என்ன இருக்கு?" என்றான். அவன் சொன்னது சரி. ஒரு துண்டுச் சீட்டுகூட அவனிடம் இல்லை. கடைசியில் 'இல்லை' என்றே அடித்துக் கொடுத்தேன்.

ஸ்டோர் முதலாளிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் மலையில் காய் எடுப்பு மழைக்காலத்தில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகிறது. பள்ளிக்கூடத்தின் பெரிய லீவோ ஏப்ரல், மே. அதனால் உங்களுக்கு ஆள் தேவைப்படும்போது பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஓணம் லீவும் கிறிஸ்துமஸ் லீவும்தான். அந்தக் கொஞ்ச நாளில் பகல் வேலை மட்டும் கொடுங்கள். தரம் பிரிக்கிற மேஜை, எடை போடுகிற இடம், கணக்கு நோட்டு, சாக்கில் சீட்டு ஒட்டுவது. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் ஒரு கிலோ என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சாக்குப் பச்சைக்காய் உள்ளே போவதையும், மறுநாள் அது எவ்வளவாக வெளியே வருகிறது என்பதையும் நோட்டில் எழுதிப் பார்க்கிற பிள்ளைக்கு சதவீதக் கணக்கை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். முடிந்தால் ஒரு நாள் புற்றடியில் நடக்கிற ஏலக்காய் ஏலத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அம்மாவும் பாட்டியும் வாழ்நாளெல்லாம் எடுத்த காய்க்கு விலை எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று இந்தப் பிள்ளைகளில் அநேகம் பேர் பார்த்ததே இல்லை. உலர்த்துகிற அறைக்கு இரவெல்லாம் ஆள் வேண்டும், தெரியும். அது பெரியவர்கள் வேலை. மருந்தடிப்புப் பக்கமோ, மருந்து கலக்கின டிரம் பக்கமோ ஒரு பிள்ளைகூட வரக் கூடாது. "மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் நின்றான்" என்ற பேச்சே வேண்டாம்.

தேக்கடி ரோட்டுக் கடைக்காரர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களிலும் கூட்டம் இருக்கும், அதனால் அப்போது பிள்ளைகளும் உங்களிடம்தான் அதிகம் வருவார்கள். தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை உங்கள் கவுண்டரில் நின்றால் மலையாளத்தில் விலை சொல்லப் பழகும், வடக்கத்திக்காரர்களிடம் இந்தியில் நாலு வார்த்தை பேசும். வகுப்பில் எழுந்து நிற்கவே கூச்சப்படுகிற பெண், மூன்றாம் நாள் "இது ஒரிஜினல் குருமிளகு சேச்சி, வாசனை பாருங்க" என்று இரண்டு மொழியையும் கலந்து அடித்துவிடுவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். அது நல்லதுதான். ஆனால் ஹோம்ஸ்டேக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க ஸ்கூட்டர் சாவியை நீட்டாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால் வண்டியின் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. போன கிறிஸ்துமஸ் லீவில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒரு மசாலாக் கடையில் நின்றாள். எந்தக் கடை என்று எழுத மாட்டேன். இரவு ஒன்பது மணி வரை நிறுத்தி வைத்தார்கள். உட்கார ஸ்டூல் இல்லை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் இரண்டு கடை தள்ளிப் போக வேண்டும். கடைசி நாள் கூலி கேட்டபோது, உடைந்த இரண்டு தேன் பாட்டிலுக்குப் பிடித்ததுபோக மீதியை அப்பாவிடம் கொடுத்தாயிற்று என்றார்கள். அப்பா வாங்கியது உண்மைதான். எங்கே போனது என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? அந்தப் பெண் இனி எந்தக் கடைப் படியும் ஏற மாட்டேன் என்கிறாள். அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

அதனால்தான் பிள்ளையின் கையில் என்று அழுத்திச் சொல்கிறேன். 10 வயது நிறைந்த பிள்ளைகள் தங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அதில் போட்டுவிடுங்கள், தகராறே இல்லை. பெரியவர் செய்கிற வேலையைச் செய்தால் பெரியவர் கூலி. பாட்டில் உடைந்தால் அது கடைச் செலவு. பெண் பிள்ளைகளை இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு அனுப்புங்கள். கம்பம், கூடலூரிலிருந்து அம்மாவோடு ஜீப்பில் ஏறி மலைக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா இறங்குகிற ஜீப்பிலேயே அவர்களும் இறங்கட்டும்.

ஆசிரியர்கள் சிலருக்கு நான் சொல்வது பிடிக்காது. கையில் காசு பார்த்தால் படிப்பு போய்விடும் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு ஜீப் பட்டறைக்குப் போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களில் யாரும் லீவில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வேலைக்குப் போனவர்கள் இல்லை. திருட்டுத்தனமாகப் போய், அப்படியே தங்கிவிட்டவர்கள். லீவு முடிந்ததும் "உன் கணக்கு முடிந்தது, ஸ்கூலுக்குப் போ" என்று சொல்கிற முதலாளி அவர்களுக்கு வாய்க்கவில்லை. வேண்டுமானால் இப்படி வைத்துக்கொள்வோம்: புத்தாண்டு பிறந்ததிலிருந்து மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிகிற வரை பத்தாவது பிள்ளையை யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. நம் பள்ளிகளில் வருஷா வருஷம் பிரவிருத்தி பரிசய மேளா என்று கைவேலைப் போட்டி நடக்கிறது. குடை தைக்கிறார்கள், ஊதுபத்தி உருட்டுகிறார்கள், கயிற்றில் மிதியடி பின்னுகிறார்கள். பரிசு வாங்கினால் ஊரே கைதட்டுகிறது. கைவேலை படிப்பைக் கெடுக்கும் என்று அங்கே யாரும் சொல்வதில்லையே.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. லீவுக்கு இரண்டு வாரம் முன்னால், உங்களுக்கு எத்தனை பேர் வேண்டும், என்ன வேலை, எத்தனை மணிக்கு எத்தனை மணி வரை, கூலி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பள்ளி ஆபீசில் கொடுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் (பி.டி.ஏ.) பார்த்துக்கொள்ளும். வயதுக்கு ஆதாரமும் பெற்றோர் கையெழுத்தும் நாங்களே வாங்கித் தருகிறோம். லீவு முடியும்போது உங்கள் லெட்டர்பேடில் நாலு வரி எழுதிக் கொடுங்கள்: இன்னார் எங்களிடம் இத்தனை நாள் இருந்தார், இந்த வேலை தெரியும், கணக்கு சரியாக ஒப்படைத்தார். 'நல்லவர், வல்லவர்' எல்லாம் தேவையில்லை. என்ன வேலை செய்தார் என்பது போதும்.

அந்தப் பதிவேட்டுத் தாளையும் சான்றிதழ் மாதிரியையும் தமிழிலும் மலையாளத்திலும் அடித்து வைத்திருக்கிறேன். என் கடைக்கு ஆளனுப்பினால் காசில்லாமல் தருகிறேன். சீல் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். என் கடையிலும் இந்த ஓணம் லீவுக்கு ஒரு பிள்ளைக்கு இடம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு வந்தால் நாலு மணிக்கு விட்டுவிடுவேன், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு.

இப்படிக்கு,
பி.டி.ஏ. உறுப்பினர், ஒரு பத்தாம் வகுப்புப் பையனின் அம்மா,
குமுளி